உன் பெயர் எழுதாத தாள்

உ

மல்வேர்ன், ஸ்காபரோ
3.11.1996

அன்பு மகன் யசிந்தன் அறிவது,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை போகவில்லை. நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு இரண்டு கிழமை. அம்மா சமைக்கிறாள், கோப்பையில் சோற்றைப் போட்டு மேசையில் வைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. உன் தங்கச்சி தக்ஷிகா பேசுகிறாள்தான். பஸ் சுணங்கியது, பால் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் பேச்சு.

பிரின்ஸ் ஜோர்ஜ் ஊரில் நீ இருக்கும் விலாசத்தை தக்ஷிகாவின் மேசையில் கிடந்த கடித உறையிலிருந்து எடுத்தேன். அவளைக் கோபிக்காதே. அவள் தரவில்லை, நான்தான் திருடினேன். மர ஆலையில் வேலை என்றும் அந்த உறைக்குள் இருந்ததை வாசித்து அறிந்தேன். அங்கே இப்போதே ஸ்னோ கொட்டுமாம். கையுறை நல்லதாக வாங்கு. 92இல் பந்து பிடிக்கப்போய் முறித்த அந்தச் சுண்டுவிரல் குளிருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரியாததால் அல்ல. கணக்கு வாத்தியார் ஒருவன் எங்கே பிழைவிட்டான் என்று பார்க்க, முதல் வரியிலிருந்து செய்துபார்க்கத்தான் வேண்டும்.

இந்தச் செப்டெம்பரில் மெல்பேர்ன்காரர்கள் தங்கள் உதைபந்து லீக்குக்கு நூறு வயது என்று நூற்றாண்டு அணி ஒன்றை அறிவித்தார்கள். அன்றிலிருந்து எட்வேட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெல்பேர்னில் பிறந்து ரொறன்ரோவில் லீக் தொடங்கின மனிதருக்கு ஆசை வராதா? எங்கள் லீக்குக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அறுபதாம் கலியாணம் செய்வதுபோல, நாங்களும் ஒரு கௌரவ அணி தெரிவுசெய்வோம் என்றார். களத்தில் பதினெட்டுப் பேர், மாற்றுக்கு நால்வர். தெரிவுக்குழுவில் ஐந்து பேர். மூன்று வாக்கு விழுந்தவன் உள்ளே.

அந்த ஐவரில் என்னை ஏன் போட்டார்? அவுஸ்திரேலிய உதைபந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? 91இல் கோல் நடுவர் வராத அன்றைக்கு, வேடிக்கை பார்க்க வந்த என்னிடம் நடுவர் போடும் வெள்ளைக் கோட்டையும் இரண்டு கொடிகளையும் தந்தது நீதான். நடுவால் போனால் இரண்டு விரல், ஆறு புள்ளி. பக்கத்தால் போனாலோ கம்பத்தில் பட்டாலோ ஒரு விரல், ஒரு புள்ளி. அதைச் சொல்லித் தந்ததும் நீதான். அதன்பிறகு ஆறு வருடம் நான் தவறவிட்ட ஆட்டம் நான்கோ ஐந்தோதான். எல்லோரையும் பார்த்த கண் என்று எட்வேட் என்னைக் கூப்பிட்டார்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு பெயர் எழுதினேன். அதில் உன் பெயர் இல்லை. உன் இடத்தில் பிரவீனனை எழுதினேன். மூன்றே வருடம் ஆடினவன், உன்னிடம் உதை பழகினவன்.

நாங்கள் ஐவரும் எழுதின தாள்களை, அணியை அறிவிக்கும் விருந்து மண்டபச் சுவரில் ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒளிவுமறைவு இல்லாமல் செய்கிறோம் என்று எட்வேட் ஒட்டிவிட்டார். நீ ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். கடைசித் தாளில் என் கையெழுத்து. அதை நீ இரண்டு தடவை வாசித்தாய். திரும்பி என்னைப் பார்த்து, “அப்ப சரி அப்பா” என்றாய். குளிர்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனாய். சாப்பாடுகூட இன்னும் பரிமாறியிருக்கவில்லை.

மகன், மற்ற நாலு பேரும் உன்னைப் போடுவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சொந்தப் பிள்ளையின் பெயரை நானே எழுதினால், பார், தகப்பன் இருந்து மகனைப் போட்டுவிட்டான் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு என்னைவிட உன்னைத்தான் சுடும். நான் எழுதாமலே நீ உள்ளே போனால் அது முழுக்க உன்னுடையது, ஒருவரும் வாய் திறக்க முடியாது. இதுதான் என் கணக்கு. திருகோணமலையில் எட்டாம் வகுப்பில் நீ என்னிடம் கணக்குப் படித்தபோது, உன் தாளில் ஐந்து மார்க் குறைத்துத்தானே போட்டேன். பிள்ளையைத் தன் வகுப்பில் வைத்திருந்த எல்லா வாத்திமாரும் அப்படித்தான் செய்தார்கள். நீ இரண்டாம் பிள்ளையாக வந்து, சிரித்துக்கொண்டு நின்றாய்.

இன்னொன்றும் யோசித்துப் பார். இருபத்திரண்டு இடம்தான் இருக்கிறது, நன்றாக ஆடினவர்கள் முப்பது பேர் இருக்கிறார்கள் என்றால், மிச்ச எட்டுப் பேரும் ஆடத் தெரியாதவர்களா? உன் இடத்துக்கு ஐந்து பேர் போட்டி. பின்வரிசையில் ஒரு மூலைக்கு ஆளே இல்லை, அங்கே ஓடத் தெரிந்தவனெல்லாம் கௌரவ வீரன் ஆகிவிட்டான். ஒவ்வொரு கழகத்திலிருந்தும் இரண்டு பேராவது வரவேண்டும் என்று வேறு ஒரு விதி. இப்படிப் பங்குபோட்டுத் தெரிவுசெய்த பட்டியலா உன்னை அளக்கும்? நீ அந்தத் தாளைவிடப் பெரியவன். அதை நினைத்து மனதைத் தேற்று.

பதில் எழுது. இரண்டு வரி போதும். கோணேசப் பெருமான் துணை.

அன்புள்ள அப்பா,
கனகசிங்கம்


உ

மல்வேர்ன்
8.12.1996

அன்பு மகனுக்கு,

என் கடிதம் உடைக்காமலே திரும்பி வந்தது. உறையின் மேல் அனுப்பியவருக்கே திருப்பவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தபால்காரன் எழுதினதாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த எழுத்தைப் பார்த்தேன். அதை எழுதப் பழக்கினவனுக்குத் தெரியாதா? அம்மா கண்டால் தாங்கமாட்டாள் என்று அலுமாரிக்குள் வைத்தேன். அவள் அதற்கு முன்னமே கண்டுவிட்டாள்.

இந்தக் கடிதத்தை தக்ஷிகா தன் உறைக்குள் வைத்து அனுப்புகிறாள். என் பழைய கடிதமும் உள்ளே இருக்கிறது. அவள் இதற்குச் சம்மதிக்க நான் நாலு நாள் கெஞ்சினேன். ரெலிபோனில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். நான் வேறு என்ன செய்ய?

போன சனிக்கிழமை பிரவீனன் வந்தான். கையில் அவனுக்குக் கொடுத்த கௌரவப் பலகை. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றான். “அங்கிள், இதை நீங்களே வைச்சிருங்கோ. யசி அண்ணா இல்லாத டீமிலை எனக்கு என்ன வேலை? எனக்குப் பிடிக்கவும் உதைக்கவும் காட்டித் தந்தது ஆர்?” என்று கேட்டான். அவன் கேட்டதைவிட, கேட்கும்போது அழுததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வாக்கு விழுந்ததால்தான் அவனுக்கு மூன்று வந்தது. உனக்கு இரண்டு. அவனுக்குப் பதிலாக நான் உன் பெயரை எழுதியிருந்தால் உனக்கு மூன்று. கூட்டல் இவ்வளவுதான், இதற்கு வாத்தியார் தேவையில்லை.

அடுத்த நாளே இரண்டு பஸ் மாறி எட்வேட் வீட்டுக்குப் போனேன். என் தாளை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். மனிதர் தேத்தண்ணீர் தந்து இருத்தினார். அறிவித்ததை மாற்ற முடியாது என்றார். நான் விடவில்லை. அந்தப் பலகையை மேசையில் வைத்துக் கும்பிட்டேன். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு மனிதரின் குசினியில் கைகூப்பி நின்றேன் மகன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கும் மனம் சரியில்லை. இந்தச் சண்டை தன் ஊரிலும் தீரவில்லை என்றார். அங்கே வருடா வருடம் நாட்டின் சிறந்த அணி என்று ஒன்றைத் தெரிவுசெய்வார்களாம். ஒருவன் எத்தனை தடவை அதில் வந்தான் என்று எண்ணித்தான் பிற்காலத்தில் அவன் பெரியவனா சின்னவனா என்று பேசுவார்களாம். தெரிவுசெய்கிறவர்கள் மெல்பேர்னில் இருந்துகொண்டு மெல்பேர்ன் ஆட்டத்தையே பார்த்தார்கள், அடிலெய்டிலும் பேர்த்திலும் ஆடிய எத்தனையோ பேரை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அங்குள்ளவர்களுக்கு இன்றைக்கும் மனக்குறையாம். காயப்பட்ட வருடம், இடத்துக்குப் போட்டி கூடின வருடம், ஒன்றுமே அந்தக் கணக்கில் வராது என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி. ஆனால் அங்கே பார்க்காதவன் எழுதாமல் விட்டான். இங்கே பார்த்தவன் எழுதாமல் விட்டான்.

கிளம்பும்போது எட்வேட் ஒன்று கேட்டார். குழுக் கூட்டத்தில் உன் பெயர் வந்தபோது, திறமை சரி, ஆனால் 94 இறுதி ஆட்டத்தில் கடைசி உதையைக் கம்பத்தில் அடித்தவன், பெரிய ஆட்டக்காரன் என்றால் அந்த உதையைத் தவறவிடமாட்டான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தக் கம்பத்துக்குக் கீழே நின்றவர் நீங்கள், நீங்கள் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று கேட்டார். பஸ் வந்துவிடும் என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

நேற்று அம்மா பேசினாள். ஒரே ஒரு கேள்வி. “ஆறு வரியமா அங்க போய் நிண்டீங்களே, ஒரு நாளாவது அவனுக்குக் கை தட்டினீங்களோ?” என்றாள். கோல் நடுவர் கை தட்டக்கூடாது, அது விதி என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். விதி அப்படித்தான், பொய் இல்லை. ஆனால் நீ நான்கு பேருக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடித்த நாட்களில் என் கை இரண்டும் கோட்டுப் பொக்கற்றுக்குள் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொழிற்சாலையில் இரண்டு தடவை நான் அச்சைப் பிழையாகப் பொருத்தியதால் மெசினை நிறுத்திவிட்டார்கள். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. இல்லை, இரக்கத்துக்காகத்தான் எழுதுகிறேன். இரங்கு மகன்.

எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் அப்பா,
கனகசிங்கம்


உ

மல்வேர்ன்
12.1.1997

என் மகன் யசிந்தனுக்கு,

பெப்ரவரி முதலாம் திகதி நீ அங்கிருந்தும் வெளிக்கிட்டு, இன்னும் வடக்கே யூக்கோன் பக்கம் சுரங்க வேலைக்குப் போகிறாய் என்றும், அந்த விலாசத்தை ஒருவருக்கும் தரப்போவதில்லை என்றும் தக்ஷிகா சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். எனக்கு இருப்பது இருபது நாள். கடிதம் போய்ச்சேர ஒரு கிழமை பிடிக்கும். ஆகவே முந்திய இரண்டு கடிதத்திலும் சுற்றி வளைத்ததை இதில் நேராக எழுதுகிறேன்.

94 இறுதி ஆட்டம். நாங்கள் நாலு புள்ளி பின்னால். ஒரு நிமிடம்கூட இல்லை. நீ வலதுபக்கக் கோட்டோரமாக நின்று உதைத்தாய். நாற்பது மீற்றராவது இருக்கும், காற்றும் எதிரே. பந்து சுழன்று வந்தது. நான் கம்பத்தடிக்கு ஓடி, அண்ணாந்து நின்றேன்.

பந்து கம்பத்தில் படவில்லை.

இரும்புக் குழாய்க் கம்பம் அது, பட்டால் மணிபோலக் கேட்கும். கேட்கவில்லை. கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் வானம் தெரிந்தது. கோல். ஆறு புள்ளி. நாங்கள் இரண்டு புள்ளியால் வென்ற ஆட்டம். அதே நேரம் அவர்களுடைய பின்வரிசைப் பையன், பட்டது பட்டது என்று கத்தினான். அதற்கு முந்திய கிழமை அவர்களுடைய ஆட்கள் பகிடியாகச் சொன்னது எனக்குக் காதில் கேட்டது. தகப்பன் கம்பத்தடியில் நிற்கிறார், மகன் எங்கே அடித்தாலும் ஆறு புள்ளிதான் என்று சொல்லிச் சிரித்தார்கள். வெறும் பகிடி. அவர்கள் அதை அன்றைக்கே மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை. இரண்டு கையையும் உயர்த்தினால் இந்த மைதானம் முழுக்க என்னைக் கள்ளன் என்று சொல்லும் என்று நினைத்தேன். ஒரு கையை உயர்த்தினேன். ஒரு விரல். ஒரு புள்ளி. மூன்று புள்ளியால் தோற்றோம்.

உன் கூட்டாளிகள் என்னைச் சுற்றிக்கொண்டு கேட்டபோது நீ குறுக்கே வந்து நின்றாய். என்ர அப்பா பார்த்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஆங்கிலத்தில் கத்தினாய். ஒருவனோடு அடிபடவும் போனாய். பிறகு பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டாய். “அப்பா, பட்டதோ?” என்றாய். “ஓம், பட்டது” என்றேன். “அப்ப சரி” என்றாய். மல்வேர்ன் வரும்வரை என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாய். விருந்து மண்டபத்துச் சுவருக்கு முன்னால் நின்று நீ சொன்னதும் அதே சொல்தான். அந்தச் சொல் காதில் விழுந்த நேரம், உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்தக் கௌரவ அணியைப் பார். உன்னை வெளியே விட்ட இரண்டு பேரும் சொன்ன காரணம் 94. அந்த 94ஐ எழுதினது என் விரல். நான் பொய்யாகக் காட்டின ஒரு புள்ளியை அவர்கள் உண்மையென்று எடுத்து உன்னை அளந்தார்கள். நான் அந்த மேசையில் அவர்களோடு இருந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்டேன். வாய் திறந்தால் இரண்டு வருடப் பொய் வெளியே வரும். அதனால் உன் பெயரைப் பற்றி ஒன்றும் பேசாமல், என் தாளிலும் எழுதாமல் எழும்பி வந்தேன். சொந்தப் பிள்ளையைப் போடக்கூடாது என்றது பாதி உண்மைதான். மிச்சப் பாதி பயம். மற்ற நாலு பேரும் உன்னைப் போடுவார்கள் என்று முதல் கடிதத்தில் சத்தியம் செய்தேனே, அது பொய்.

முதல் கடிதத்தில், நீ அந்தத் தாளைவிடப் பெரியவன், மனதைத் தேற்று என்று எழுதினேனே, அதை அழித்துவிடு. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்குப் பலகை முக்கியமில்லை என்று பிரவீனன் சொன்னான். ஐந்து தாளில் ஒரு தாளைத்தான் நீ தேடினாயாம்.

லீக்குக்கு எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வைத்து, அந்த வெள்ளைக் கோட்டையும் கொடிகளையும் சேர்த்து எட்வேட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆட்ட முடிவு மாறாதாம், அணியும் மாறாதாம். சித்திரையில் நடக்கும் கூட்டத்தில் என் கடிதத்தை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கள்ளன் என்று சொல்லட்டும். சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் உன்னைப் பலிகொடுத்தேன், இப்போது அந்தப் பெயரை நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை மைதானத்துக்குப் போனேன். முழங்கால் மட்டும் ஸ்னோ. கம்பங்களைக் கழற்றி வைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று அடி எண்ணிப் பார்த்து நின்று, இரண்டு கையையும் உயர்த்தினேன். நாயோடு போன ஒரு மனுசி, உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேண்டும் என்று சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும்?

நாளை மறுநாள் பொங்கல். இந்த வருடம் பானை வைப்பதில்லை என்று அம்மா தக்ஷிகாவிடம் சொல்லிவிட்டாள்.

யசி, நீ என்னை மன்னிக்க வேண்டாம். நான் அதைக் கேட்டு எழுதவில்லை. விலாசம் இல்லாத இடத்துக்கு மட்டும் போகாதே. இனி நீ எங்கே ஆடினாலும், ஆடாமல் விட்டாலும், நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே மற்றத் தகப்பன்மாரோடு நின்று கத்துவேன். இவன் என் பிள்ளை என்று கத்துவேன். ஒரு தடவையாவது அதற்கு இடம் தா. நீ நன்றாக இருக்கவேண்டும். கை கால் சுகத்தோடு, குளிரில்லாமல், பசியில்லாமல் இருக்கவேண்டும். கோணேசப் பெருமான் உன் பக்கம் நிற்கட்டும். நான் நிற்காத இடத்தில் எல்லாம் அவர் நிற்கட்டும்.

உன் அப்பா,
கனகசிங்கம்

கீழே இடம் விடும்படி அம்மா கேட்டாள். விட்டிருக்கிறேன். அவள் எழுதுவதை நான் பார்க்கப்போவதில்லை.


தம்பி,

அம்மா எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முதல் அப்பா இதை என்னிடம் தந்தார். வாசித்தேன். எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு நாளைக்குப் பிறகு அவரோடு வாய் திறந்து நிறையப் பேசினேன். நல்ல வார்த்தை ஒன்றும் பேசவில்லை. பேசி முடித்த பிறகும் எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் அதைப் பேசவேண்டியவன் நீ.

கோபத்தைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகாதே. வீட்டுக்குக் கொண்டு வா. அவருடைய முகத்துக்கு நேரே நின்று திட்டு. நான் குறுக்கே வரமாட்டேன்.

அன்றைக்குச் சாப்பிடாமல் போனாய். திட்டி முடிந்ததும் எல்லோரும் இருந்து சாப்பிடலாம்.

அம்மா